பொகவந்தலாவையில் துயிலும் படக்கலைஞர்

இலங்கையின் மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்வோர் பலர். நுவரெலியாவின் குளிரை நாடிச் செல்வோர் சிலர். நீர்வீழ்ச்சிகளைக் கண்டு களிக்கச் செல்வோர் சிலர். சிவனொளிபாத மலையேறிச் சூரியோதய தரிசனம் பெறச் செல்வோர் வேறு சிலர். ஆயின், அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் பாதை சென்றடையும் பொகவந்தலாவையிலே, தேயிலை மலைகளின் நடுவே நிற்கும் ஒரு சிறிய தேவாலயத்தின் முற்றத்தில், உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் மண்ணுள் உறங்குகின்றார் என்பதை அறிந்து அங்கே செல்வோர் மிகச் சிலரேயாவர்.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி கல்கத்தா நகரிலே பிறந்தவர். 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்திலே உயிர் நீத்தவர்.

கமரன் என்னும் பெயர் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. சரித்திர பாடத்திலே கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களைப் படியாதவர் யார்? 1833ஆம் ஆண்டிலே இராசகாரிய முறையை ஒழித்து, நிருவாகத்தை ஒருமுகப்படுத்தி, சட்டநிரூபண சபை தோன்றுவதற்கு வழிவகுத்த ஆணையாளர் இருவருள் ஒருவரான சார்ள்ஸ் ஹே கமரனே இவ்வம்மையாரின் கணவர். கணவரின் பெயர் நமது பாடப்புத்தகத்திலே நிலைத்தது. மனைவியின் பெயர் உலகின் பெரிய அருங்காட்சியகங்களிலே நிலைத்தது. இருவரும் பொகவந்தலாவையிலே ஒருங்கே துயில்கின்றனர். இவ்வம்மையாரின் அடிச்சுவட்டைத் தேடிப் பொங்கல் கழிந்த ஒரு வாரத்திலே நாம் மலைநாட்டுக்குச் சென்றோம். எம்முடன் இளம் புகைப்படக்காரர் ஒருவரும் வந்தார். பிரயாணத்தைச் சொல்லுமுன் அம்மையாரின் கதையைச் சிறிது சொல்லுதல் வேண்டும்.

கோழிக்கூட்டிலே பிறந்த கலை

ஜூலியா அம்மையாரின் தந்தை கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். 1836ஆம் ஆண்டளவில் உடல்நலம் தேடித் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோதே அவர் சார்ள்ஸ் கமரனைச் சந்தித்தார். வான சாஸ்திரியாகிய சேர் ஜோன் ஹேர்ஷலின் நட்பும் அங்கேயே கிடைத்தது. புகைப்படம் மங்காது நிலைத்து நிற்பதற்கு வேண்டிய இரசாயனப் பொருளைக் கண்டறிந்த பேரறிஞர் அவர். பிற்காலத்திலே புகைப்படம் என்னும் புதுமையைப் பற்றி அம்மையாருக்கு முதன்முதல் அறியத்தந்தவரும் அவரே. 1838ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே திருமணம் நிகழ்ந்தது. பத்து ஆண்டுகளின் பின் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860ஆம் ஆண்டில் வைற் தீவிலுள்ள பிறெஷ்வாட்டர் என்னும் கடலோரச் சிற்றூரிலே அவர்கள் குடியேறினர். அவ்வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டிம்போலா’. நமது மலைநாட்டு டிம்புள்ளயின் பெயரே அது. அங்கே கமரன் குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டம் இருந்தது. இங்கிலாந்தின் கடற்கரையிலே இலங்கை மலையொன்றின் பெயர் தாங்கிய அவ்வீடு பிற்காலத்தில் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

1863ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையின்போது, தாயின் தனிமையைப் போக்கக் கருதிய மகளும் மருமகனும் ஒரு படப்பெட்டியை அவருக்குப் பரிசளித்தனர். அப்பொழுது கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்கு வந்திருந்தார். அம்மையாருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளின் தாய். அந்த வயதிலே, கற்பிப்பார் எவருமின்றி, அவர் ஒரு புதுக்கலையைத் தொடங்கினார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி பதித்த கோழிக்கூடு படமெடுக்கும் மண்டபமாயிற்று. கோழிகள் விடுதலை பெற்றன. அவை எவர் வாயிலும் விழவில்லையென நம்புவதாகப் பின்னாளில் அம்மையாரே வேடிக்கையாக எழுதியிருக்கின்றார். புது முட்டை விற்று வந்த அவருடைய பிள்ளைகளின் வருவாய் அத்துடன் நின்றது. அவர் படங்களை அச்சிட்ட தாளுக்குப் பூசப்படுவதும் முட்டையின் வெண்கருவே என்பதை எண்ணும்போது, அடுக்களைப் பொருளும் கலையும் அத்துணை நெருக்கமாயிருந்த காலம் அது என்பது புலனாகின்றது.

இக்காலத்து இளைஞர் கைத்தொலைபேசியை நீட்டி ஒரு கணத்தில் நூறு படம் எடுக்கின்றனர். அக்காலத்து முறையோ வேறு. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஒரு சீராக ஊற்றவேண்டும். பின் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தவேண்டும். தகடு ஈரம் உலருமுன்னே படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டோடி உருத்துலங்கச் செய்து, நிறைந்த நீரிலே கழுவவேண்டும். அமர்ந்திருப்பவர் பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையாரின் கைகளும் ஆடைகளும் எந்நேரமும் இரசாயனக் கறை படிந்து கறுத்திருந்தன. 1864ஆம் ஆண்டு ஜனவரியிலே அயற் சிறுமி ஒருத்தியின் முகம் ஒரு தகட்டிலே நன்கு பதிந்தது. அதனைத் தமது முதல் வெற்றியென அவர் அழைத்தார்.

அடுத்த பத்தாண்டுகளில் கவிஞர் தெனிசன், விஞ்ஞானி டார்வின், அறிஞர் கார்லைல், நண்பர் ஹேர்ஷல் ஆகியோர் அவர்முன் அமர்ந்தனர். பணிப்பெண்களும் அயற் குழந்தைகளும் தேவமாதாவாகவும் தேவதூதராகவும் வேடம் பூண்டு அமர்ந்தனர். முகத்தின் ஒவ்வொரு மயிரும் தெளிவாகத் தெரிவதே நல்ல படம் என அக்காலத்துத் தொழில்வல்லார் கருதினர்; கமரனின் படங்களோ பனியினூடே தோன்றும் முகங்கள்போல மென்மையாயிருந்தன. கைப்பழக்கம் போதாதவர் என அவர்கள் எள்ளி நகையாடினர். அம்மையார் தம் வழியை மாற்றவில்லை. கண்ணுக்கு அழகெனப் பட்ட இடத்திலேயே வில்லையைத் திருகுவதை நிறுத்திவிடுவது தம் வழக்கம் என விடையிறுத்தார். பெரியோரைப் படமெடுக்கும்போது அவர்தம் புறத்தோற்றத்தை மட்டுமன்றி அகத்தின் பெருமையையும் பதிக்க முயன்றதாகவும், அவ்வாறு எடுத்த படம் ஒரு பிரார்த்தனை போன்றதாகவும் அவர் கருதினார். பல நிமிடம் ஒருவர் முகத்தையே நோக்கி நிற்கும் தொழில் அவருக்கு மெல்ல மெல்ல ஒரு வழிபாடாயிற்று என்றே நாம் கொள்ளுகின்றோம்.

கடல் கடந்து வந்த பசு

1875ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், புகழின் உச்சியிலே நின்ற அம்மையார் அனைத்தையும் விட்டு இலங்கைக்குக் கப்பலேறினார். கணவருக்கு அப்போது வயது 80. இலங்கையின்மீது அவர் வைத்திருந்த பற்று முதுமையிலும் குறையவில்லை. புதல்வர் சிலர் இங்கேயே தொழில் புரிந்தனர். குடும்பத்தின் செல்வமும் கோப்பித் தோட்டங்களிலேயே முடங்கிக் கிடந்தது.

அப்பிரயாணத்தைப் பற்றிச் சுவையான செய்திகள் வழங்குகின்றன. பாலுக்கென ஒரு பசுவையும், இறந்தால் வேண்டுமென இரண்டு சவப்பெட்டிகளையும் அவர்கள் கப்பலில் ஏற்றி வந்தனர் என்பர். துறைமுகத்திலே சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கக் கையிற் காசு இல்லாமையால், பெரியோரின் உருவப்படங்களை அம்மையார் கூலியாகக் கொடுத்தார் என்றும் சொல்லுவர். உணவுக்கு ஒரு பசு, சாவுக்கு ஒரு பெட்டி, இடையிலுள்ள வாழ்வுக்கு ஒரு படப்பெட்டி என்று அவர் மூட்டை கட்டினார் போலும்!

களுத்துறையின் நண்பகல்

மலைநாட்டுக்குச் செல்லுமுன் வாசகர்கள் களுத்துறையையும் மனக்கண்ணாற் காணுதல் வேண்டும். களுகங்கை கடலோடு கலக்கும் அவ்வூரிலே, மகன் ஹார்டிங்கின் உத்தியோகம் காரணமாக அம்மையார் சில காலம் வாழ்ந்தார். ஆற்றை நோக்கிய மேட்டிலே வீடு. சுவரெங்கும் படங்கள், மேசையிலும் நாற்காலியிலும் புத்தகங்களோடு கலந்து இறைந்து கிடந்தனவும் படங்கள். மைனாக்களும் முயல்களும் அணில்களும் பழகிய மானொன்றும் அவ்வீட்டிலே உலவின.

1877ஆம் ஆண்டில், உலகமெங்கும் திரிந்து பூக்களையும் செடிகளையும் ஓவியமாகத் தீட்டிய மரியன் நோர்த் என்னும் ஆங்கில மாது அங்கே விருந்தாளியாக வந்தார். மேற்கூறிய வீட்டின் வருணனை அவர் விட்டுச் சென்றதே. அம்மையார் நோர்த்துக்குத் தொளதொளவெனத் துகில் உடுத்தி, கூந்தலை விரித்து, தென்னோலைகளின் நடுவே நண்பகல் வெயிலில் நிறுத்தினாராம். வெப்பமானி 96 பாகை பரனைற்றுக் காட்டிற்று. ஓலைகள் தலையிற் குத்த, வெயில் கண்ணிற் கூச, இயல்பாக இருக்கும்படி கட்டளை வேறு! இன்னொரு செய்தியும் அவர் எழுதினார். ஒருவரின் முதுகின் வனப்பைக் கண்டு வியந்த அம்மையார் அவரைத் தோட்டக்காரராக அமர்த்திக்கொண்டாராம். வீட்டிலே தோட்டமும் இல்லை. அம்மனிதருக்குத் தோட்ட வேலையும் தெரியாது.

இவ்வேடிக்கைகளின் அடியிலே ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்திலே கிராமத்துப் பெண்ணுக்கு இராணி வேடம் புனைந்தவர், இலங்கையிலே உழைக்கும் மக்களைப் பெரும்பாலும் அவரவர் உடையிலேயே, அவரவர் முகத்திலேயே கண்டார். அவர்களுட் சிங்கள மக்களும் தோட்டத் தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர் என்பது ஆய்வாளர் கருத்து. தெனிசனை எத்துணை ஆழ்ந்து நோக்கினாரோ அத்துணை ஆழமாகவே இவர்களையும் நோக்கினார் என்பது படங்களைப் பார்ப்போர்க்குத் தெரியும். கண்கள் தாழவில்லை, முகம் குழையவில்லை.

ஆனால் அப்படங்கள் மிகச் சிலவே. இலங்கையில் அவர் எடுத்தனவாக இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. வெப்பத்திலே கொலோடியன் விரைந்து உலர்ந்தது. தூய நீரும் இரசாயனப் பொருளும் எளிதிற் கிடைக்கவில்லை. படங்களை வாங்குவோரும் பேசுவோரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். கோப்பிச் செடியையோ 1869ஆம் ஆண்டில் இந்நாட்டிலே தோன்றிய இலைநோய் அழித்துக்கொண்டிருந்தது. குடும்பத்தின் வருவாயும் அத்துடன் குன்றிற்று.

இன்னொன்றும் நாம் சொல்லவேண்டும். தெனிசன், டார்வின், ஹேர்ஷல் எனப் பெரியோர் பெயர் படத்தின் கீழ் எழுதப்பட்டது. இலங்கை மக்களின் படங்களிலோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றும் ‘இளம் பெண்’ என்றும் மட்டுமே குறிப்புகள் காணப்படுகின்றன. ஒரு படத்திலே சிறுமிக்கு வயது 12 என்றும், அருகில் நிற்கும் முதியவர் தாம் அவள் தந்தையென்றும் தமக்கு வயது 100 என்றும் கூறினார் என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. வயதைக் கேட்டவர் எழுதிய குறிப்பிலே பெயர் இல்லை. முகம் இருக்கின்றது, அது யாருடைய பாட்டி, யாருடைய பாட்டன் என்று சொல்லுவார் இல்லை.

அட்டன் பாதையிலே

இவ்வெண்ணங்களோடு நாம் கொழும்புக் கோட்டையிலே புகையிரதம் ஏறினோம். எம்முடன் வந்த இளம் புகைப்படக்காரர் வடபகுதியிலே திருமண வீடுகளிற் படமெடுத்துத் தொழில் பழகியவர். தோளிலே கனத்த பை, கழுத்திலே ஒன்று, கையிலே ஒன்று எனப் படப்பெட்டிகள். றம்புக்கணை தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் அவர் யன்னலை விட்டு அகலவில்லை. கடுகண்ணாவைப் பள்ளத்தாக்கு, நாவலப்பிட்டி, வட்டவளைக் குன்றுகள் யாவும் அவர் பெட்டிக்குள் நொடிக்கொன்றாகப் புகுந்தன. பெட்டியெங்கும் வடை விற்போரின் குரல். காகிதச் சுருளிலே காய்ந்த மிளகாயுடன் தரப்பட்ட சூடான கடலை வடையைக்கூட அவர் ஆறவிட்டே உண்டார்.

இவ்விருப்புப் பாதை நாவலப்பிட்டியை அடைந்தது 1874ஆம் ஆண்டில்; அட்டனை அடைந்தது 1884ஆம் ஆண்டில். ஆகவே கமரன் அம்மையார் டிக்கோயாவுக்குச் சென்ற நாட்களிலே நாவலப்பிட்டிக்கு அப்பால் வண்டிப் பாதையே கதி. முதுமையிலே, கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு, குலுங்கும் வண்டியிலே அவர் அம்மலைப் பாதையை ஏறியிருப்பின் எத்துணைப் பொறுமை வேண்டியிருக்கும்!

கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலுள்ள அட்டன் நகரிலே இறங்கியதும் காதில் விழுவது தமிழ். கடைத்தெருவிலே சாம்பிராணிப் புகையும் புதுத் தேயிலைத் தூளின் மணமும் கலந்து வந்தன. அங்கிருந்து பஸ் வண்டியிலே டிக்கோயாவைக் கடந்து சென்றோம். காசல்றி நீர்த்தேக்கம் மலைகளின் நடுவே கண்ணாடித் தகடுபோலக் கிடந்தது. அதற்கப்பால், 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாத மலையின் கூர்ச்சிகரம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. வண்டியிலிருந்த ஒரு பெரியவர் தலைமேற் கைகூப்பினார். சைவருக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆதிமனிதனின் பாதம் என ஒரே மலை நால்வருக்கும் புனிதமாய் நிற்கும் நாடு நமது நாடு.

நோர்வூட்டுக்கு அப்பால் பனி இறங்கிற்று. எதிர் மலையிலுள்ள மரங்களின் விளிம்புகள் கரைந்தன. கொழுந்து பறிக்கும் பெண்களின் உருவங்கள் வெண்மையினூடே மெல்லத் தோன்றின. “ஒன்றும் தெளிவாக விழவில்லையே!” என இளைஞர் சலித்துக்கொண்டார். எமக்கோ அப்பொழுது கமரன் அம்மையாரின் மங்கிய படங்கள் நினைவுக்கு வந்தன. விளிம்பு கரைந்தபோதும் உரு கெடவில்லை. கண் தேடிச் சென்று காணவேண்டியிருந்தமையால், கண்டது மனத்திலே ஆழப் பதிந்தது. அக்காலத்தில் எழுந்த கண்டனங்களுக்கு அப்பனியே போதிய விடையெனத் தோன்றிற்று.

தேவாலய முற்றம்

கெகல்கமு ஓயா பாயும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு தேயிலைக்குப் பேர் பெற்றது. அங்கே புனித மரியாள் பெயரால் அமைந்த தேவாலயம் ஆரவாரமற்றது. புல் முளைத்த முற்றத்திலே பழைய தோட்டத் துரைமார் பலரின் கல்லறைகளோடு கமரன் தம்பதிகளின் கல்லறையும் இருக்கின்றது. ஜூலியா அம்மையார் மறைந்த மறு ஆண்டு, 1880 மே மாதத்தில், சார்ள்ஸ் கமரனும் காலமாகி அவரருகே அடக்கம் செய்யப்பட்டார்.

கிளென்கேர்ன் பங்களாவிலே, திறந்த யன்னலின் ஊடாக மாலை வானத்தை நோக்கியபடி அம்மையார் கிடந்தார் என்றும், ‘அழகு’ என்னும் ஒரு சொல்லையே கடைசியாக உச்சரித்தார் என்றும் குடும்பத்தார் வழிவந்த செய்தியொன்று உண்டு. வெள்ளை எருதுகள் பூட்டிய வண்டி அவருடலைத் தேவாலயத்துக்குச் சுமந்து சென்றது என்பர். அச்செய்தி அப்படியே நிகழ்ந்ததோ, அன்பினால் அழகு பெற்றதோ, அவருடைய வாழ்வுக்கு அது பொருந்தி நிற்கின்றது. 48 வயதிலே கோழிக்கூட்டில் தொடங்கிய தேட்டம், 63 வயதிலே இம்மலை வானத்தைக் கண்டு நிறைவுற்றது.

கல்லறையின்முன் நாம் நெடுநேரம் நின்றோம். இளைஞர் ஒரு படம் எடுத்தார். பின்னர், “இவருடைய பெயர் கல்லிலே இருக்கின்றது. வண்டியோட்டி வந்தவர், குழி தோண்டியவர் பெயர்களெல்லாம் எங்கே இருக்கின்றன?” என்று கேட்டார். நாம் சுற்றிலுமிருந்த மலைகளை நோக்கினோம். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தவர் போக எஞ்சியோர் காடு வெட்டித் திருத்திய மலைகள் அவை. முதலிற் கோப்பி, பின்னர் தேயிலை. அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை, படமும் இல்லை. அவர்தம் சந்ததியாருட் பல இலட்சம் பேர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். இறுதியில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேதான்.

ரொட்டியும் தேநீரும்

திரும்பும் வழியிலே மழை தூறிற்று. பாதையோரத்து லயமொன்றின் தாழ்வாரத்திலே ஒதுங்கினோம். “உள்ள வாங்க, நனையாதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று ஒரு மூதாட்டி அழைத்தார். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நாம் அவரைப் ‘பெரியம்மா’ என அழைத்தோம்.

அடுப்பிலே தேங்காய்ப்பூ சேர்த்த கோதுமை மா ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அம்மியிலே செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து அரைத்த கட்டைச் சம்பல். விறகுப் புகையின் மணம் ஏறிய தடித்த ரொட்டியைப் பிய்த்துச் சம்பலோடு வாயிலிட்டதும் கண்ணில் நீர் வந்தது. கூடவே குளிர் ஓடி மறைந்தது. விடியற்காலையிலே உண்டு மலையேறுவோர்க்கு மதியம் வரை பசி தாங்குவது அந்த ரொட்டியே. “நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போயிரும். எங்களுக்கு இந்தத் தூசித் தூள்தான். ஆனா தண்ணி எங்க மலைத் தண்ணி. அதனால ருசியா இருக்கும்” என்று சிரித்தபடி அவர் தேநீர் தந்தார். அவர் சொன்னது மெய்.

இளைஞர் படப்பெட்டிப் பையை மூலையிலே வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்திருந்தார். முற்பகலிலே பாதையில் நின்று அவர் நீள வில்லையைத் திருப்பியபோது, கொழுந்து பறித்த பெண்கள் முக்காட்டை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாம் கண்டிருந்தோம். இப்பொழுது அவர் ஒன்றும் எடுக்கவில்லை. பெரியம்மாவின் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டனின் பாட்டன் மன்னார் வழியாக நடந்து வந்த கதை, மாரியம்மன் திருவிழாவிலே காமன் கூத்து ஆடிய கணவரின் கதை, கொழும்பிலே கடையில் வேலை செய்யும் பேரனின் கதை என ஒரு மணி நேரம் கழிந்தது.

மழை விட்டதும் அவர் தயங்கித் தயங்கி, “பெரியம்மா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?” எனக் கேட்டார்.

“எத்தனையோ பேர் வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க, தம்பி. அந்தப் படமெல்லாம் எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க எனக்கும் ஒண்ணு கொண்டாந்து தருவீங்களா?”

“நிச்சயமாகத் தருவேன்.”

“அப்ப, பின்னால என் பேரை எழுதித் தாங்க. என் பேத்தியோட பிள்ளைங்க பார்த்தா யாருன்னு தெரியணும். ஆனா பத்திரிகையில போட வேணாம்.”

அவர் முகம் கழுவி, திருநீறு பூசி, வேறு சேலை உடுத்தி வந்து வாயிற்படியிலே அமர்ந்தார். மழைக்குப் பின் தோன்றிய ஒளி அவர் முகத்தின் ஒரு பக்கத்திலே விழுந்தது. காலை முதல் நூற்றுக்கணக்கிற் படமெடுத்த இளைஞர் அங்கே ஒன்றே ஒன்று எடுத்தார். எடுக்குமுன் நெடுநேரம் அம்முகத்தை நோக்கி நின்றார். பெரியம்மாவும் அசையாது அவரை நோக்கியிருந்தார். பின்னர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், திகதியையும் சொல்லச் சொல்லக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டபடி அப்பெயரை நாமும் இங்கே எழுதவில்லை. ஒரு மாதத்தின் பின், அச்சிட்ட படத்தை இளைஞரே எடுத்துச் சென்று அவர் கையிற் கொடுத்துத் திரும்பினார். படத்தின் பின்புறத்திலே பெயர் இருந்தது.

அன்று அவர் உண்ட ரொட்டி அவருக்கு ஒரு பாடமாயிற்றென நாம் கருதுகின்றோம். ஒருவர் அடுப்பங்கரையிலே அமர்ந்து அவர் இட்ட உணவை உண்டபின், அவரைக் ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்று மட்டும் எண்ண ஒருவராலும் இயலாது. கமரன் அம்மையார் பல நிமிடம் முகம் நோக்கி நின்று அடைந்த நிலையை, இவ்விளைஞர் ஒரு மணி நேரம் தரையிலமர்ந்து அடைந்தார். அம்மையார் எழுதாது விட்ட ஒன்றையும் அவர் எழுதிக்கொண்டார்.

பெயரை எழுதி வைப்போம்

1926ஆம் ஆண்டிலே கமரன் அம்மையாரின் படங்கள் ஒரு நூலாக வெளிவந்தன. வெளியிட்டது வேர்ஜீனியா வூல்ஃபும் கணவர் லெனாட் வூல்ஃபும் நடத்திய ஹோகார்த் அச்சகம். எழுத்தாளர் வேர்ஜீனியா அம்மையாரின் உடன்பிறந்தாள் வழிப் பேர்த்தி. லெனாட் வூல்ஃபோ நம்மவர்க்கு அறிமுகமானவர். 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கச்சேரியிலே உத்தியோகம் பார்க்கத் தொடங்கி, 1911 வரை இலங்கையிலே கடமையாற்றியவர். படங்கள் பேணப்பட்டமையாலும், அமர்ந்தவர் பெயர்கள் எழுதப்பட்டிருந்தமையாலும், பேணுவோர் குடும்பத்திலேயே இருந்தமையாலுமே அக்கலை அழியாது நின்றது.

நமது வீடுகளின் நிலை என்ன? இடம்பெயர்வுகளிலும் போரிலும் பலர் வீட்டோடு படங்களையும் இழந்தனர். எஞ்சிய படங்கள் அலுமாரியின் அடியிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கின்றன. தலைப்பாகையோடு நிற்கும் பெரியவர் யார்? மடியிலிருக்கும் குழந்தை எது? கேட்டாற் சொல்லக்கூடியவர் பாட்டியார் ஒருவரே. அவர் மறைந்தால் அம்முகங்களும் களுத்துறைக் குடியானவர்போலப் பெயரற்றுப் போகும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். மதிய உணவுக்குப் பின் பாட்டியாரருகே அமர்ந்து, பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயர், ஊர், உறவுமுறை, ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறத்திலே மெல்லிய பென்சிலால், அழுத்தாது எழுதுங்கள். மை முன்புறத்துக்கு ஊறிவிடக்கூடும். கைத்தொலைபேசியிலுள்ள படங்களிலும் சிறந்தனவற்றை அச்சிட்டு அவ்வாறே எழுதி வையுங்கள். அப்படி நீங்கள் எழுதும் பெயரொன்று, இன்னும் பிறவாத ஒரு குழந்தைக்குத் தன் குலத்தவரை அறிமுகம் செய்து வைக்கும்.